காற்றுக்கு மேலே ஏறாத போர்டு

ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மொரீஷியஸின் லெ மோர்ன் கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் போர்டைத் தலையில் சுமந்துகொண்டு முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். அதற்கு முன்பே பாயையும் பாய்மரத்தையும் ஒரு நடை கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பியிருந்தேன். ஆக மொத்தம் இரண்டேகால் கிலோமீட்டர், மணலில், ஈரத் துணியோடு. இறங்கிய இடத்தில் கரையேற முடியாமல், காற்று தள்ளிய இடத்தில் கரையேறியவனுக்குக் கிடைக்கும் கூலி இது.

புறப்பட்ட இடத்தில் ஐயா உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்கள் சென்ற திசை வேறு, உங்கள் பலகை சென்ற திசை வேறு" என்றார்.

அவர் அப்படித்தான் பேசுவார். மொரீஷியஸில் ஐந்து தலைமுறையாக இருக்கும் குடும்பம். வீட்டில் கிரியோல்தான். தமிழை மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் படித்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வாயில் வருவது பாடப்புத்தகத் தமிழ். என் வாயில் வருவது தூத்துக்குடிக் கடற்கரைத் தமிழ். முதல் ஒரு மாதம் இருவரும் ஒருவரையொருவர் பாதிதான் புரிந்துகொண்டோம். நான் இங்கே ஒரு விடுதியில் ஏசி மெக்கானிக். இந்த வேலை இந்தக் கதையில் பிற்பாடு உதவிக்கு வரும்.

நடந்த களைப்பு பெரிதில்லை. லெ மோர்னில் காற்றுக்கு மேலே ஏற, அதாவது காற்று வருகிற திசையை நோக்கி முன்னேற, முடியாத ஆள் கடலில் இறங்கவே கூடாது என்பதுதான் விஷயம். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கடலைப் பார்த்து நிற்பவனுக்கு இடமிருந்து வலமாக, கரையை ஒட்டி வீசும். வலது பக்கம் போகப்போக பவளப் பாறை வரிசையில் ஒரு திறப்பு வரும். பாறையைத் தாண்டி உள்ளே கொட்டும் அலைத் தண்ணீரெல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியே ஓடும். காற்றும் நீவாடும் (கடல் நீரோட்டமும்) சேர்ந்து அங்கே தள்ளினால் அடுத்த நிறுத்தம் நடுக்கடல். அன்றைக்கு எனக்கு அந்தத் திறப்பு கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. பாயைத் தண்ணீரில் போட்டுவிட்டு, போர்டில் குப்புறப் படுத்துக் கையால் துழாவித்தான் கரை சேர்ந்தேன்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கும் பொருந்துகிறது, ஒரு வித்தியாசத்தோடு. எங்கள் ஊரில் ஆடியில் வீசுவது கச்சான், மேற்கும் தென்மேற்குமாக வரும் சூடான காற்று. இங்கே ஆடி என்றால் குளிர்காலம். கோயிலில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அதே நாட்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கிறோம். காற்று 15 முதல் 25 நாட் வரை (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.), நாள் கணக்கில் விடாமல் அடிக்கும்.

சரி, போர்டுக்கு வருகிறேன். வாடகைக்கு விடும் ஒரு கடை பழையதைக் கழித்துக் கட்டியபோது வாங்கியது. நீளம் 240 செ.மீ., அகலம் 68 செ.மீ., கொள்ளளவு 115 லிட்டர். புதிதாக இருந்தபோது எடை 7.2 கிலோ என்று வால் பக்கம் அச்சடித்திருக்கிறது. நான் பயன்படுத்தும் பாய் 7 சதுர மீட்டர். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் பெட்டி எடைபோடும் தொங்குதராசில் போர்டைக் கட்டித் தூக்கினேன். 8.9 கிலோ. பழைய ஒட்டுவேலை, பெயின்ட் எல்லாவற்றுக்கும் தாராளமாக முந்நூறு நானூறு கிராம் கழித்தாலும் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு கடலில் போயிருக்கிறேன்.

இப்படிப்பட்ட போர்டின் உள்ளே இருப்பது தெர்மாகோல்தான். அதைச் சுற்றிக் கண்ணாடி இழையும் எபாக்சியும் ஓடுபோல் மூடியிருக்கும். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும், தண்ணீரில் இறங்கினால் சுருங்கும். விரிகிற காற்று ஓட்டைப் பிளந்துவிடாமல் இருக்க மேல்பக்கம் ஒரு சின்ன வென்ட் திருகு வைத்திருப்பார்கள். வெயிலில் வைக்கும்போதும் விமானத்தில் ஏற்றும்போதும் அதைத் திறக்கவேண்டும். கடலில் இறங்கும்முன் மூடவேண்டும். என் போர்டில் வென்ட் திருகின் ரப்பர் வளையமே இல்லை. அதோடு, கால்பட்டை மாட்டும் திருகுத் துளைகளில் இரண்டு உள்ளுக்குள் விரிசல் விட்டிருந்தன. சுடுகிற போர்டு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஓட்டைகள் வழியே ஒரு மிடறு குடித்திருக்கிறது.

இங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. ஏசி குழாயில் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் வேக்கம் பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வால் பக்கம், தட்டிப் பார்த்தால் 'பொத் பொத்' என்று சத்தம் வந்த இடத்தில், 8 மி.மீ. துளை ஒன்று போட்டுக் குழாயைச் சொருகிக் களிமண் பசையால் அடைத்தேன். முன்னால் வென்ட் திருகைக் கழற்றிவிட்டேன், அந்த வழியாகக் காற்று உள்ளே வரட்டும் என்று. இது முக்கியம். காற்று வர வழி விடாமல் முழு வேக்கம் கொடுத்தால் தெர்மாகோல் நசுங்கி ஓடு உள்வாங்கிவிடும். நமக்கு வேண்டியது உலர்ந்த காற்று மெதுவாக உள்ளே புகுந்து ஈரத்தோடு வெளியேறுவது. நடுவில் ஒரு கண்ணாடி ஊறுகாய் பாட்டிலை வைத்தேன், வருகிற தண்ணீர் அதில் தங்கும்படி. முதல் ராத்திரி அது இல்லாமல் ஓட்டியதில் பம்பின் எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் மாற்றியது என் கைக்காசு.

தினமும் ராத்திரி ஒரு மணி நேரம், மூன்று வாரம். காலெண்டரில் எடையை எழுதி வந்தேன்: 8.9, 8.5, 8.2, 7.9, 7.7, 7.6. அதற்குப் பிறகு இறங்கவில்லை. பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன். உப்பு. சந்தேகமில்லை, குடித்தது கடலைத்தான்.

ஓட்டையை அடைக்கும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர், பிரோக் படகுக்கு ஃபைபர் ஒட்டுகிறவர், ஒரு டப்பா ரெசின் இலவசமாகத் தந்தார். வாங்கிக்கொண்டேன், போர்டில் ஊற்றவில்லை. படகுக்குப் போடுவது பாலியெஸ்டர் ரெசின், அதில் ஸ்டைரீன் இருக்கிறது. அவர் நம்பவில்லை என்பதால் ஒரு துண்டு தெர்மாகோலை எடுத்து நடுவில் ரெசினில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். சுடுதண்ணீரில் போட்ட வெல்லக்கட்டி போலக் குழிந்து உள்வாங்கியது. அவர் கிரியோலில் ஏதோ சொன்னார், எழுதமுடியாது. தெர்மாகோல் உடலுக்கு எபாக்சி மட்டும்தான்.

அப்புறம் வால் விளிம்பு. இந்த வேலைக்குத்தான் அதிக நாள் போனது, பலனும் இதில்தான் அதிகம்.

போர்டு வேகமெடுத்துத் தண்ணீரின் மேல் எழுந்து வழுக்க ஆரம்பித்ததும், நீரில் படுவது பின்பாதி அடிப்பரப்பு மட்டுமே. அந்தப் பரப்பு முடிகிற இடத்தில், வாலிலும் வாலை ஒட்டிய இரு பக்கத்திலும், தண்ணீர் சட்டென்று அறுந்து விலகவேண்டும். அதற்கு விளிம்பு கூராக இருக்கவேண்டும். விளிம்பு உருண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அடுப்படிக்குப் போனால் போதும். வாய் மடித்துவிட்ட டபராவிலிருந்து காபியை ஆற்றினால் நேராக விழும். விளிம்பு உருண்ட கிண்ணத்திலிருந்து மெதுவாக ஊற்றினால் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே வழிந்து அடியில் சொட்டும். போர்டின் கீழும் அதேதான். உருண்ட விளிம்பைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் மேலே ஏறி, வாலைக் கீழே பிடித்து இழுக்கும்.

வாடகைக் கடையில் இருந்த நாளெல்லாம் என் போர்டை மணலிலும் பவளச் சரளையிலும் வாலைத் தரையில் தேய்த்தே இழுத்திருக்கிறார்கள். யாரோ அதன்மேல் தடியாக பெயின்டும் அடித்திருக்கிறார்கள். விரலை ஓட்டிப் பார்த்தால் சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. ஐயாவின் போர்டைத் தடவிப் பார்த்தேன், விரல் கீறுகிற அளவுக்குக் கூர். "நான் அதை ஒருபோதும் தரையில் இழுத்ததில்லை தம்பி" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

செய்த விதம் இது. பெயின்டை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துக் கண்ணாடி இழை தெரியும்வரை எடுத்தேன், இழையை வெட்டாமல். அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி போர்டைக் கவிழ்த்து, விளிம்பின் வெளிப்பக்கம் பார்சல் ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை நிமிர்த்தி ஒட்டினேன், அடிப்பரப்பைவிட 2 மி.மீ. உயரமாக, ஒரு குட்டிச் சுவர் மாதிரி. அந்த டேப்பில் எபாக்சி பிடிக்காது, பிறகு உரித்து எடுத்துவிடலாம். சுவருக்கும் உருண்ட விளிம்புக்கும் நடுவில் வருகிற பள்ளத்தில் எபாக்சியோடு சிலிக்கா பொடியைக் கலந்து, இட்லி மாவு பதத்தில் ஊற்றினேன். வால் முழுவதும், அங்கிருந்து இரு பக்கமும் 50 செ.மீ. தூரம். அந்த 50 செ.மீ.க்கு முன்பக்கம் விளிம்பு உருண்டே இருக்கவேண்டும், அங்கே கூராக்கினால் சின்ன அலையிலும் போர்டு குத்திக்கொள்ளும்.

முதல் தடவை கெடுத்தேன். ஒரே கலவையில் முடித்துவிடலாம் என்று காபி கப் நிறைய கலக்கினேன். எபாக்சி இறுகும்போது சூடு உண்டாகும். குறுகிய கப்பில் மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தன்னையே கொதிக்கவைக்கும். பாதி விளிம்பு ஊற்றி முடிப்பதற்குள் கப் கையைச் சுட்டது, புகை வந்தது, தோட்டத்தில் வீசினேன். ஐந்து நிமிடத்தில் கல். மறுநாள் அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினேன். கையுறை, முகமூடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். எபாக்சியின் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒருநாள் ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் அதைத் தொடமுடியாது.

இறுகிய பிறகு தட்டையான மரக்கட்டையில் தாளைச் சுற்றி 120, 240, 400 என்று தேய்த்தேன். விரலால் பிடித்துத் தேய்க்கக்கூடாது, மறுபடியும் உருட்டிவிடும். முடித்தபோது விளிம்பு கத்திமாதிரி இருந்தது. சந்தோஷமாக செப்டம்பர் முதல் சனிக்கிழமை கடலில் இறக்கினேன்.

மூக்கைத் தண்ணீரில் அடித்துக்கொண்டே போனது.

காற்று நன்றாக இருந்தது, போர்டு எழுந்தது, ஆனால் நிமிரவில்லை. முன்பைவிட மோசம். ஐயா தன் போர்டில் என்னைத் தாண்டிப் போனார், திரும்பி வந்தும் தாண்டினார். கரைக்கு வந்ததும் அவரிடம் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் இருந்தது (கரும்பலகைக் காலத்து வாத்தியார் சொத்து). அதைப் போர்டின் அடியில் நெடுக்காக வைத்து, பின்னாலிருந்து செல்போன் விளக்கை அடித்தோம். ஸ்கேலுக்கும் போர்டுக்கும் நடுவே வெளிச்சம் ஒரு மெல்லிய பிறைபோல் தெரிந்தது. வாலின் கடைசி 6 செ.மீ. மட்டும் ஸ்கேலில் இடித்தது, அதற்கு முன்னால் இடைவெளி. ஐந்து ரூபாய் நாணயத்தை நுழைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட நுழைந்தது. ஊற்றிய எபாக்சியை விளிம்பில் கூராக்கிய நான், அடிப்பரப்போடு சமமாக்காமல் விட்டிருக்கிறேன். ஒன்றரை மில்லிமீட்டர் மேடு. அது கொக்கி மாதிரி தண்ணீரைக் கீழே தள்ள, வால் மேலே எழும்பி, மூக்கு இறங்குகிறது. அவ்வளவு சின்னது அவ்வளவு பெரிய போர்டைக் குனியவைக்கும் என்று எனக்குச் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

மறுபடியும் தேய்ப்பு. ஸ்கேலில் சுண்ணக்கட்டியைத் தடவி அடியில் இழுத்து, வெள்ளை ஒட்டிய இடத்தை மட்டும் தேய்த்து, மறுபடி இழுத்து, மறுபடி தேய்த்து. மூன்று சாயங்காலம். கடைசி 40 செ.மீ. முழுவதும் வெளிச்சம் தெரியாமல் ஸ்கேல் படிந்தபோதுதான் நிறுத்தினேன். ஃபின்னுக்கு (வாலடித் துடுப்புக்கு) முன்னால் இருந்த பழைய ஒட்டுவேலையின் ஒரு மேட்டையும் அப்படியே தட்டையாக்கினேன். அந்த மேடு கலக்கிவிட்ட தண்ணீர்தான் நேராக ஃபின்மேல் போய்க்கொண்டிருந்தது.

இனி ஃபின். வாலடியில் கத்திபோல் இறங்கி நிற்கும் அந்தத் துடுப்புதான் போர்டு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிறது. பழைய 38 செ.மீ. ஃபின்னின் முன்விளிம்பில் பாறை கடித்த பற்கள் நாலைந்து. இப்படிக் கடிபட்ட ஃபின்னில் திடீரென்று தண்ணீரின் பிடி விட்டுப்போகும், வால் தடாலென்று ஒருபக்கம் சறுக்கும். அந்தப் பற்களை எபாக்சியால் நிரப்பி, 400 நம்பர் ஈரத்தாளால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். அதில் விசேஷமில்லை.

விசேஷம் ஃபின் உட்காரும் பெட்டியில் இருந்தது. இந்த வகைப் பெட்டியில் ஃபின்னின் தலை முன்னும் பின்னும் சாய்வாக, ஆப்பு மாதிரி இருக்கும். மேலிருந்து இரண்டு போல்ட் அதை இழுத்துப் பிடிக்கும். ஆப்பு அந்த இரண்டு சாய்விலும் இறுகவேண்டும், கூரையில் இடிக்கக்கூடாது. என்னுடையதில் போல்ட் முறுக்கிய பிறகும் ஃபின் நுனியைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்றது. எங்கே இடிக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? பட்டறையில் இதற்கு நீலமை தடவுவார்கள். ஐயா வீட்டுப் பூஜை அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஃபின் தலை முழுவதும் மெல்லியதாகப் பூசி, மாட்டி, முறுக்கி, கழற்றிப் பார்த்தோம். பெட்டியின் கூரையில் சிவப்பு வட்டம் அழுத்தமாக. சாய்வுகளில் ஒன்றில் லேசாக, மற்றதில் ஒன்றுமே இல்லை. ஃபின் தலையின் உச்சியைக் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக அரத்தில் தேய்த்து, ஒவ்வொரு தடவையும் குங்குமம் வைத்து, ஆறாவது தடவையில் இரு சாய்வும் சிவந்தன, கூரை சுத்தமாக இருந்தது. போல்ட் முறுக்கினேன், ஆடவில்லை. "திலகமிட்டு அனுப்புகிறோம், வெற்றியோடு திரும்பட்டும்" என்றார் ஐயா.

திரும்பியது, ஆனால் பாட்டுப் பாடிக்கொண்டு. 18 நாட் வேகத்தைத் தாண்டியதும் ஃபின்னிலிருந்து தேன்கூடு கலைத்தமாதிரி 'ஙொய்' என்ற ரீங்காரம், காலடியில் நடுக்கமாகவே தெரிந்தது. பின்விளிம்பை நான் தேய்த்ததில் அது வட்டமாக, மொழுக்கென்று ஆகிவிட்டிருந்தது. தண்ணீர் ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் மாறி மாறி விடுபட்டு ஃபின்னை அதிரவைக்கிறது. பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகச் சீவினேன், உளி தீட்டுவது போல. தண்ணீருக்கு விடுபடும் இடம் ஒன்றே ஒன்றாகிவிட்டது. பாட்டு நின்றது.

இதன் பிறகு ஒரு நாள் ஐயாவிடமிருந்து 42 செ.மீ. ஃபின் இரவல் வாங்கிப் பார்த்தேன். காற்றுக்கு மேலே சும்மா கயிறு கட்டி இழுத்தமாதிரி ஏறியது. ஆனால் காற்று 20 நாட்டைத் தாண்டியதும் ஃபின்னின் தூக்கு அதிகமாகி, காற்றுப் பக்க விளிம்பு எழும்பி என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. தண்ணீர் வற்றிய நேரத்தில் பவளத் திட்டில் ஒருமுறை 'கிரீச்' என்று உரசவும் செய்தது. இங்கே ஏற்றவற்றம் அரை மீட்டர் அளவுதான். ஆனால் உள்கடலின் பல இடங்களில் ஆழம் இடுப்புக்கு மேல் இல்லாதபோது அந்த அரை மீட்டர்தான் ஃபின்னா பாறையா என்று முடிவு செய்கிறது. பவளத்துக்கும் அது நல்லதில்லை. 40 செ.மீ.க்குக் கெட்டியான பழைய ஃபின் ஒன்று கிடைத்தது, அதையே வைத்துக்கொண்டேன்.

பாய், கயிறு சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவை ஆளுக்கு ஆள் மாறும். பாயை நான் பின்னால் அளவுக்கு மீறி இழுத்துத் தட்டையாக்கி வைத்திருந்தேன். இரண்டு செ.மீ. தளர்த்தியதும் வயிறு வந்து இழுக்க ஆரம்பித்தது. கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை மட்டும் பயப்படாமல் நன்றாக இறுக்கவேண்டும், அப்போதுதான் பாயின் மேல்நுனி தளர்ந்து, திடீர்க் காற்றை உதறிவிடும். இடுப்புக் கொக்கியைப் பாயோடு இணைக்கும் ஹார்னஸ் கயிற்றை 24 அங்குலத்திலிருந்து 28-க்கு மாற்றினேன். கையை விட்டாலும் பாய் சமநிலையில் நிற்கிற இடத்தில் கட்டினேன். பின்னங்கால் பட்டையை நடுவிலிருந்து விளிம்புக்கு மாற்றினேன், ஃபின்னை மிதித்துத் தள்ள அங்கிருந்துதான் பிடி கிடைக்கும். பாய்மரத்தின் அடியை 2 செ.மீ. பின்னால் தள்ளினேன், போர்டு துள்ளியது, ஒரு செ.மீ. முன்னால் கொண்டுவந்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த முக்கால் கிலோமீட்டர் நடைக்குப் பாதிக் காரணம் நான்தான் என்று கடிகாரம் காட்டியது. ஜிபிஎஸ் கடிகாரத்தின் தடத்தைக் கம்ப்யூட்டரில் விரித்தால் பல் பல்லாகப் போன கோடு தெரியும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளில் நான் போன திசைகளுக்கு நடுவிலுள்ள கோணத்தைப் பாதியாக்கினால், காற்றிலிருந்து எத்தனை டிகிரியில் போனேன் என்பது கிடைக்கும். ஜூலையில் நான் நன்றாக ஓடிய நேரத்தில் 64 டிகிரி, 14 நாட். நேரே காற்றை நோக்கி முன்னேறியது 6.1 நாட். மேலே ஏறவேண்டும் என்ற அவசரத்தில் மூக்கைக் காற்றுக்குள் திருகி 50 டிகிரியில் போன இடங்களில் வேகம் 9 நாட்டுக்கு விழுந்துவிட்டது. கணக்குப் போட்டால் 5.8 நாட். மேலே பார்த்துக்கொண்டு போயும் முன்னேற்றம் குறையத்தான் செய்திருக்கிறது. போர்டு எழும்புவதை நிறுத்திய பிறகு நடந்தது இன்னும் மோசம். ஃபின்னின் பிடி வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. வேகம் பாதியானால் பிடி காலாகும். பிடி போனால் பக்கவாட்டில் வழுக்கல்.

அப்பா பாய் வள்ளம் ஓட்டியபோது இதையே திட்டாகச் சொல்வார். நான் தாமானை (பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) இழுத்துப் பிடித்துக்கொண்டு வள்ளத்தைக் காற்றுக்குள் முட்டவைத்தால், "தாமான விட்டுக் குடு லே. மொதல்ல ஓட விடு. ஓடுனாத்தான ஏறும்" என்பார். பன்னிரண்டு வயதில் கேட்டது. வள்ளத்துக்குத்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

இப்போது செய்வது அதுதான். முதலில் காற்றைக் குறுக்காக வாங்கிக்கொண்டு ஓடவிடுவேன், போர்டு எழுந்து வழுக்கி, ஃபின் காலடியில் இறுகிக்கொள்வது தெரியும். அதன்பிறகு உடலைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, பாயைப் பின்னுக்குப் படுக்கவைத்து, ஐந்து ஐந்து டிகிரியாக மேலே ஏற்றுவேன். செப்டம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஜூலையில் அடித்த அதே அளவு காற்றில், 58 டிகிரி, 16 நாட். முன்னேற்றம் 8.5 நாட். குறுக்கே ஓடும்போது உச்ச வேகம் 23.5-லிருந்து 26 நாட். 2015-இல் நமீபியாவின் லூடரிட்ஸ் கால்வாயில் பிரெஞ்சு விண்ட்சர்ஃபிங் வீரர் ஆந்துவான் அல்போ 500 மீட்டர் ஓட்டத்தில் 53.27 நாட் எடுத்தார். அதில் பாதியைக்கூட நான் தொடவில்லை என்பதை ஐயா ஞாபகப்படுத்தினார்.

அன்று இறங்கிய இடத்துக்கு இருநூறு மீட்டர் மேலே போய்க் கரையேறினேன். தேவையே இல்லை, வீம்புக்குத்தான். அங்கிருந்து மறுபடியும் கீழே நடக்கவேண்டியிருந்தது. "தம்பி, இப்பொழுதும் நடக்கிறீர்களே" என்றார் ஐயா.

போன வாரம் எடைபோட்டேன். 7.7 கிலோ. ஓட்டையெல்லாம் அடைத்தபோது தராசு காட்டியது 7.6. இடது பின்னங்கால் பட்டைத் துளையில் சோப்புத் தண்ணீர் தடவி, வென்ட் வழியே சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடித்தேன். மூன்றாவது அடியில் ஒரே ஒரு குமிழி எழும்பி நின்றது. பம்பை மறுபடியும் விடுதியிலிருந்து கொண்டுவரவேண்டும்.